நாலு மில்லிமீட்டர்

நாற்பது டன்னை
இரண்டு விரலால் தூக்குகிறவன் நான்.
ஜாய்ஸ்டிக்கை இப்படிக் கொஞ்சம் சாய்த்தால்
கொரியாவிலிருந்து வந்த ஃபிரிட்ஜுகள் மொத்தமும்
கப்பலை விட்டு எழுந்து நிற்கும்.

தரையிலிருந்து நூற்றிருபது அடி.
காலடியில் கண்ணாடி.
அதன் வழியே பார்த்தால்
மனிதர்களுக்கு முகம் கிடையாது,
ஹெல்மெட்தான்:
மஞ்சள், மஞ்சள், எங்கோ ஒரு வெள்ளை.
பெட்டி கட்டும் பையன்கள் எவனையும்
பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
"ஏய் மஞ்ச, தள்ளு" என்பேன் வாக்கி டாக்கியில்.
நாலு மஞ்சளும் தள்ளும்.

புகை விலகிய காலைகளில்
வடக்கே உன் கோபுரம் தெரியும்,
தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாற்போல.
டீ உறிஞ்சிக்கொண்டே ஒருநாள் சொன்னேன்,
உன் காதில் விழுந்திருக்கும்:
"ஒத்தியூரானே நமக்குக் கீழதாண்டா."

இருபது கை வைத்திருந்தவன் ஒருவன்
உன் மலையைத் தூக்கிப் பார்த்தான்.
அவனுக்காகக் கால் விரலை அழுத்தினாய்.
எனக்கு
அதைக்கூடச் செலவழிக்கவில்லை நீ.

மாசி மாதம். ராத்திரி ஷிப்ட். இரண்டே கால்.
ஒரு பெட்டி அந்தரத்தில் தொங்குகிறது.
இடது விலாவுக்குக் கீழே
யாரோ திருகாணி வைத்துத் திருகினார்கள்.
(அந்தப் பாகம் அம்மாவுடையது என்பார்கள்,
அங்கேயா வந்து உட்காருவாய்?)

பெட்டியை மட்டும் ஒழுங்காக இறக்கினேன்.
அப்புறம் அந்தக் கண்ணாடி மேலேயே குப்புறக் கிடந்தேன்.
கீழே ஹெல்மெட்டுகள்
ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முகம் இருந்தது.

மலைக்கடியில் நசுங்கியவன்
நரம்பை உருவிப் பாட்டுப் பாடினானாம்.
எனக்குப் பாட்டு வரவில்லை.
"யம்மா" என்றேன்.
அதையே ஏழெட்டு விதமாகச் சொன்னேன்.
உன் பேர் ஒரு தடவைகூட வாயில் வரவில்லை,
கோவித்துக்கொள்ளாதே.

லிஃப்ட் கெட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது.
படியேறி வந்தான் ஒரு மஞ்சள்.
சரக்குக் கட்டும் பெல்ட்டை எடுத்து
என்னைத் தன் முதுகோடு இறுக்கினான்.
எண்பத்தாறு கிலோ.
பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினான்.
"கண்ணத் தொறக்காதண்ணே, தல சுத்தும்."
எனக்கா? இந்த உயரமா?
கேட்க நினைத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டேன்.

ஸ்டான்லியில் ஸ்கேன் எடுத்தவர்
திரையைத் திருப்பிக் காட்டினார்.
கறுப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு.
"கல்லு. நாலு மில்லிமீட்டர்."

கல்.
வேறு எந்த ரூபத்தில் வருவாய் நீ.

வாழைத்தண்டுச் சாறாகக் குடித்து
ஏழாம் நாள் விழுந்தது.
அம்சவேணி அதைக் கழுவி
மாத்திரை டப்பாவில் போட்டு
பீரோவில் வைத்திருக்கிறாள்.
எந்தத் தட்டில் என்று சொல்ல மாட்டேன்,
உனக்குத் தெரியும்.
வலப் பக்கமும் ஒன்று வளர்கிறதாம்.

வேலைக்குத் திரும்பிய அன்று
கீழே நின்று அவன் பேரைக் கேட்டேன்.
தேசிங்கு. எர்ணாவூர்.
"ஆறு வருசமா உன் கிரேனுக்குக் கீழதாண்ணே" என்றான்.
குத்திக்காட்டவில்லை.
குத்திக்காட்டியிருக்கலாம்.

கார்த்திகைப் பௌர்ணமி.
நீ கவசம் கழற்றும் மூன்று நாள்.
எந்த வருஷமும் பாஸ் வாங்கி முன்னால் போகிறவன்
இந்த வருஷம் தர்ம தரிசனத்தில் நின்றேன்.
வரிசை தேரடி தாண்டி,
கன்டெய்னர் லாரிகளின் ஹாரனுக்கு நடுவே, மழையில்.
யாரோ தூக்கி வைத்திருந்த குழந்தை
முறுக்கைக் கடித்துக் கடித்து
என் தோளில் உதிர்த்துக்கொண்டே வந்தது.

புனுகு வாசனை.
இருட்டில் ஏதோ மண்மேடு மாதிரி நீ.
வெள்ளி இல்லை, பாம்புப் படம் இல்லை.
இவ்வளவுதானா என்றுதான் முதலில் தோன்றியது.
சரியாகப் பார்க்க
இடுப்பை வளைக்க வேண்டியிருந்தது.

வளைப்பதற்குள்
மேடை மேல் நின்ற பொடியன் கத்தினான்:
"ஏய், மஞ்ச சட்ட! நகரு, நகரு!"

மஞ்சள் போட்டிருந்த நாலு பேரும்
நகர்ந்தோம்.